பைக்காரிக்குக் குரல் கொடுத்தவள்

உலகத்தில் உள்ள படைகளை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும் குரலக்காவை இன்னொரு தட்டிலும் வைத்தால், குரலக்கா உட்கார்ந்த தட்டுதான் தரையைத் தொடும். இது எடையைப் பற்றிய பேச்சு இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. இதுவரை நாற்பதாயிரம் காவலர்களைத் தனியாளாக மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறாள், அதுவும் நாற்காலியை விட்டு எழாமல், இடது கையில் பிஸ்கட்டோடு. மலையைப் பொடியாக்குகிற கமாண்டோக்கள் அவளிடம் "அம்மா தாயே" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவள் குரலைக் கேட்டால் பீரங்கிகூட வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும்.

கொஞ்சம் குறைத்துச் சொன்னால், அவள் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி மையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள். அங்கே எல்லோரும் அவளைக் குரலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதற்கு முன்னால் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் எட்டு வருஷம் திட்டு வாங்கினாள். காலையில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணி வரை யார் யாரோ யாருக்காகவோ அவளைத் திட்டுவார்கள். மனுஷன் கோபப்படும்போது முதலில் குரல் ஏறும், பிறகு மூச்சு வாங்கும், பிறகு சம்பந்தமே இல்லாமல் அவன் அம்மாவைப் பற்றிப் பேசுவான் என்பதெல்லாம் அவளுக்கு அங்கேதான் அத்துப்படி ஆனது. பயிற்சி மையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது, "கோபமா ஒரு நிமிஷம் பேசிக் காட்டுங்க" என்றார்கள். எட்டு வருஷத்துச் சரக்கில் ஒரு நிமிஷத்துக்கானதை எடுத்துவிட்டாள். நேர்முகம் வைத்தவர் தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வேலை அன்றைக்கே உறுதி.

வேலை நடக்கும் இடம் ஜன்னல் இல்லாத ஒரு பெரிய கூடம். தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு, நடுவில் ஒரு மஞ்சள் கோடு. வேறு ஒன்றும் கிடையாது. பயிற்சிக்கு வருகிறவர் தலையில் ஹெட்செட்டை மாட்டுவார்கள். மையத்தில் அதற்குக் கண்ணுப்பெட்டி என்று பெயர். அதை மாட்டியதும் வெறும் கூடம் அவருக்கு விமான நிலையமாகவோ, வங்கி வாசலாகவோ தெரியும். கூட்டம் நடக்கும், குழந்தை அழும், அறிவிப்பு கேட்கும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கோ ஒரு பெரிய மனுஷன் முகத்தில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றுமே இல்லாத ஆளிடம் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பார். முதல் வாரம் குரலக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு மேஜை, இரண்டு மைக். ஒன்று குரலக்காவுக்கு. இன்னொன்று நெட்டை என்கிற இளைஞனுக்கு. அவன் உட்கார்ந்தாலே நிற்கிற மாதிரி இருப்பான். இவர்கள் பேசுவதை எந்திரம் வேறு குரலாக மாற்றி, கண்ணுப்பெட்டிக்குள் தெரிகிற ஆளின் வாயில் வைக்கும். நெட்டை பேசினால் கிழவர் பேசுவார். குரலக்கா பேசினால் இருபத்தைந்து வயசுப் பெண் பேசுவாள். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இது தானாகவே பேசும் எந்திரம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று இவர்களிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். குரலக்காவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம், அவள் அங்கே கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்பதுதான்.

பயிற்சிகளில் பெயர் போனது பைக்காரி. விமான நிலையத்துக் கூடத்தில் ஒரு பெண் பெரிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பாள். கீழே வைக்க மாட்டாள். பையில் வெடிப்பொருளும் இருக்கலாம், அழுக்குத் துணியும் இருக்கலாம். வருகிறவர் துப்பாக்கியைத் தொடாமல், பேசியே பையைக் கீழே வைக்கச் செய்ய வேண்டும். குரலக்காவின் கைக்கடியில் ஒன்று முதல் ஒன்பது வரை விசைகள் உண்டு. அவர் நன்றாகப் பேசினால் இவள் எண்ணை இறக்குவாள், பைக்காரி தணிவாள். அதட்டினால் ஏற்றுவாள். ஒன்றுக்கு வந்தால் பை கீழே. ஒன்பதுக்குப் போனால் பைக்காரி ஓடி மஞ்சள் கோட்டைத் தாண்டிவிடுவாள், கதை முடிந்தது. விசைகளில் ஐந்தும் ஆறும் தேய்ந்து எழுத்தே போய்விட்டது. ஒன்பது மட்டும் புதுச் சட்டை மாதிரி பளபளவென்று இருந்தது.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, மார்பில் எண் மட்டும்தான். யாருக்கும் யாரும் சலுகை காட்டக் கூடாது. அதையும் மீறித் தெரிந்த ஆள் என்று அடையாளம் கண்டுகொண்டால், மைக்கில் இரண்டு தடவை இரும வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் உடனே தன் விசையைத் தட்டி அந்தப் பாத்திரத்தை வாங்கிக்கொள்வார். கண்ணுப்பெட்டிக்குள் இருப்பவருக்கு அது பைக்காரியின் இருமலாகவே கேட்கும். நெட்டை தன் பழைய பள்ளித் தலைமையாசிரியரின் மகனைப் பார்த்ததும் இருமின இருமலில் அந்த மகன், "டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டானாம்.

வீட்டுக்காரர் ஒரு மின் நிலையத்தின் வாயில் காவலர். மையத்தில் வேலை பார்க்கிறவளுக்கு நேர் எதிர், பேச்சே வராது. சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது பெல்ட்டை இரண்டு தடவை மேலே இழுத்து, "க்ஹும்" என்று தொண்டையைச் செருமி, "சாவி எங்க?" என்பார். அதுதான் அன்றைய பேச்சின் பெரும்பகுதி. மிச்சம் "ம்". கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் வீட்டுச் சாவி, பைக் சாவி, பீரோ சாவி என்று அவளிடம் கேட்ட சாவிகளை அடுக்கினால் ஒரு சிறைச்சாலையைப் பூட்டலாம். ஆனால் நல்ல மனுஷர். பன்னிரண்டு வருஷமாக இரவுக் காவல். அவருக்கு ஒரே ஓர் ஆசை, பேச்சுக் குழுவில் சேர்வது. துப்பாக்கி எடுக்காமல் பேசிச் சமாளிக்கிற குழு அது, பகல் வேலை. பேசவே பேசாதவருக்குப் பேச்சுக் குழுவில் என்ன வேலை என்று மகள் வாலு கேட்டதற்கு, "வீட்ல செலவழிக்காம சேத்து வச்சிருக்கேன்ல" என்றார். அவர் வாழ்நாளில் அடித்த ஒரே நகைச்சுவை அது. அதற்குத் தேர்வே பைக்காரிதான், இரண்டு வாய்ப்பு. ஒன்று போன வருஷமே போய்விட்டது.

இரண்டாவது வாய்ப்பு வியாழக்கிழமை, குரலக்காவுக்கு விடுப்பு நாள். ஆனால் அந்தத் தேர்வைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அதை அவர் வீட்டில் சொன்னாரா என்றால், சாவி கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு இருபத்திரண்டாம் எண் கூடத்துக்குள் வந்தது. முகத்தில் கண்ணுப்பெட்டி. குரலக்கா டீயை உறிஞ்சிக்கொண்டே ஐந்தை அழுத்தி, "கிட்ட வராதீங்க!" என்றாள். இருபத்திரண்டு பெல்ட்டை இரண்டு தடவை மேலே இழுத்தது. "க்ஹும்" என்றது.

குரலக்காவுக்கு டீ புரையேறியது. அப்போதே இருமியிருக்கலாம், இருமல் தானாகவே வந்தது. பாவி, அதை விழுங்கிவிட்டாள். ஒரே ஒரு நிமிஷம், இந்த மனுஷர் எப்படித்தான் பேசுவார் என்று கேட்டுவிட்டு இருமலாம் என்று நினைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் அவர். "நான் இங்கயே நிக்கிறேன். நீங்க சொன்னாத்தான் நகருவேன்."

நீங்க! பதினேழு வருஷத்தில் அவளை ஒரு தடவைகூட அவர் நீங்க என்றதில்லை. போகட்டும், எந்தப் புருஷன் சொல்கிறான் என்று மனசை ஆற்றிக்கொண்டு நான்கை அழுத்தினாள்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்க போல. நின்னு நின்னு கால் வலிக்குமே. அந்த நாற்காலில உக்காருங்களேன். தண்ணி ஏதாச்சும் குடிச்சீங்களா?"

குரலக்காவின் கை மூன்றுக்குப் போனது, விதிப்படி போக வேண்டியதுதான். ஆனால் வயிற்றுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. நேற்றுச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் நின்று சமைத்து, பாத்திரம் கழுவி, துணி மடித்தவளை இந்த மனுஷர் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாரா? கால் இல்லாதவளைப் பார்த்துக் கால் வலிக்குமே என்கிறார்! வெறும் படம் இது, கரண்டைப் பிடுங்கினால் காணாமல் போய்விடும். இவளுக்கு இருபத்தைந்து வயசு வேறு. முடி வேறு இடுப்பு வரைக்கும்.

"வீட்ல யாருக்காவது தகவல் சொல்லணுமா?" என்றார் அவர். "பையைக் கீழ வச்சுட்டுப் பேசினாப் போதும். உங்க பேச்சக் கேக்கத்தான் நான் வந்திருக்கேன். எவ்ளோ நேரமானாலும் கேக்குறேன்."

எவ்வளவு நேரமானாலும்! குரலக்கா மைக்கை இழுத்தாள்.

"இதெல்லாம் உங்க பொண்டாட்டிகிட்ட கேட்டிருக்கீங்களா?"

நெட்டை திரும்பிப் பார்த்தான். இந்த வசனம் எந்தத் தாளிலும் இல்லை.

இருபத்திரண்டாம் எண் பெல்ட்டை இன்னொரு தடவை மேலே இழுத்தது. பிறகு, பொய் சொல்லத் தெரியாத அந்த மனுஷர், "இல்லம்மா," என்றார். "கேக்கணும்னு தோணினதில்ல."

டக். ஒன்பது.

பைக்காரி ஓடினாள். அவர் துப்பாக்கியைத் தொடவில்லை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அம்மா, விழுந்துடாதீங்க!" என்று பின்னாலேயே நான்கு அடி போனார். பைக்காரி மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அக்கா, மூணுல இருந்து ஒம்போதா?" என்றான் நெட்டை. "நடுவுல யாரும் இறங்கலயா?"

"உன் வேலையப் பாருடா," என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

சாயங்காலம் வீட்டில் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "போச்சு," என்றார். குரலக்கா சாப்பாட்டைப் பரிமாறினாள். இனி ஓய்வு பெறுகிற வரை இரவுக் காவல்தான். அவள் ஒரு விரலால் அழுத்தியது அது.

"மெஷின்தான்," என்றார் அவர் திடீரென்று. "ஆனாலும் அந்தப் பொண்ணு பாவம். என்னமோ கஷ்டம் அவளுக்கு. ஒரு கேள்வி கேட்டா பாரு…"

குரலக்காவின் கையில் இருந்த கரண்டி நின்றது. "என்ன கேட்டா?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பைல என்னதான் இருந்திருக்கும்?"

இத்தனை வாக்கியம், ஒரே மூச்சில், வீட்டுக்குள்! அதுவும் யாரைப் பற்றி? குற்ற உணர்ச்சியில் கரைந்துகொண்டிருந்தவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. தோற்கடித்தவள் மேல்கூட அவருக்குக் கரிசனம். சோறு போட்டவள் இங்கே குத்துக்கல்லாக நிற்கிறாள். "என்னவோ, கல்லு மண்ணா இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு பாத்திரம் கழுவும்போது வாலுவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்; யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. வாலு அம்மாவைக் கேலி செய்ய ஒரு வருஷத்துக்கு வேண்டிய சரக்கு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுவிட்டு, அப்பாவின் தட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் தோற்றவர்களின் பதிவைப் போட்டுப் பார்ப்பது மையத்து வழக்கம். வாத்தியார் என்று எல்லோரும் சொல்லும் பயிற்சி அதிகாரி திரையில் ஓடவிடுவார். கீழே எண்ணின் ஏற்ற இறக்கம் சிவப்புக் கோடாக ஓடும். மூன்று எண்ணுக்கு மேல் ஒரேயடியாகத் தாவினால், பேசியவர் ஒரு தாளில் காரணம் எழுத வேண்டும். வழக்கமாக எல்லோரும் எழுதுவது 'விசை கோளாறு'. அப்படி எழுதினால் எந்திரம்தான் பழியைச் சுமக்கும், மறுதேர்வு கிடைக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. நெட்டை பேனாவைக்கூட எடுத்து நீட்டினான். "கோளாறுன்னு போடுங்கக்கா. எந்திரம் வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

குரலக்கா பேனாவை வாங்கினாள். வி என்று எழுதினாள். 'கிட்ட வராதீங்க' என்றதும் அங்கேயே நின்ற ஆள் நினைவுக்கு வந்தார். 'கேக்கணும்னு தோணினதில்ல' என்று எந்திரத்திடம்கூட உண்மையைச் சொல்லித் தோற்றவர். அவருக்காகப் பொய் எழுத விரல் வரவில்லை. வி-யை அடித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை எழுதினாள்: பொறாமை.

வாத்தியார் அதை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நான்காம் தடவையும் படித்தார்.

"யார் மேல?"

"பைக்காரி மேல, சார்."

"அது நீங்கதானேம்மா?"

"அதான் சார் தாங்க முடியல."

இருபத்திரண்டு யார் என்று அவள் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைத் தேடினார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பிறகு தீர்ப்புச் சொன்னார். குரலக்கா மூன்று மாதம் மைக்கைத் தொடக் கூடாது, கண்ணுப்பெட்டிகளைத் துடைத்து வைக்க வேண்டும். இருபத்திரண்டுக்கு வெள்ளிக்கிழமை மறுதேர்வு, நெட்டை பேசுவான். "ஆனா அதுக்கு முன்னாடி அவர்கிட்ட உண்மையச் சொல்லிடணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் சார்."

சொன்னாளா? வீட்டில் அவர் எதிரில் போய் நின்றாள். நாற்பதாயிரம் பேரை மண்ணைக் கவ்வ வைத்தவளுக்கு ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. "என்னங்க…" என்றாள். அவர் நிமிர்ந்தார். அவள் வாலுவைப் பார்த்து இரண்டு தடவை இருமினாள்.

வாலு பாத்திரத்தை வாங்கிக்கொண்டது. "அப்பா, பைக்காரி வந்து அம்மாதான்."

முழுக்கதையையும் வாலுவே சொன்னது, கொஞ்சம் மசாலாவோடு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பெல்ட்டை மேலே இழுக்கப் போனார், லுங்கியில் இருந்ததால் கை வெறும் வயிற்றைத் தேடியது. குரலக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டினால் பரவாயில்லை, எட்டு வருஷம் திட்டு வாங்கியவள்தானே.

"க்ஹும்," என்றார் கடைசியில். "அந்தப் பைல என்ன இருந்துச்சு?"

"உங்க சாவி," என்றாள்.

அவர் சிரித்தார். வாலு பிறந்ததில் இருந்து அந்தச் சத்தத்தை இரண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கையில் துடைக்கிற துணியோடு குரலக்கா நின்றாள். நெட்டை மைக்கில் கொஞ்சினான், அழுதான், அதட்டினான். பைக்காரி ஆறில் நின்றாள். "நான் எதுக்கு உங்கள நம்பணும்?"

"நம்ப வேணாம்மா," என்றார் அவர். "எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க உங்கள மாதிரியே ரொம்ப வருஷமா நின்னுட்டிருந்தாங்க. நான் கவனிக்கல. தப்பு என் மேலதான். அதனாலதான் உங்களக் கேக்குறேன், உக்காருங்க."

நெட்டையின் விரல் தானாகவே விசைகளில் இறங்கியது. ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று. பை கீழே வந்தது. பச்சை விளக்கு.

குரலக்கா துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒருத்தங்க என்றாரே, அது போதும். ஆனாலும் இதை அவளிடம் நேரில் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த நீளமுடிக்காரியிடம்தான் சொல்ல வேண்டுமா? அதிலும் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டது நெட்டை. "உன் முகரையப் பாத்து அப்படிச் சொன்னாரே," என்று நெட்டையின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவ நின்றபோது, அவர் சமையலறை வாசலுக்கு வந்தார். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். "நின்னு நின்னு உங்களுக்குக் கால் வலிக்குமே," என்றார். "உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள்.

இவ்வளவும் நோட்டில் எழுதி முடித்து மூடி வைத்திருந்ததை, துணி மடிக்க வந்த குரலக்கா எடுத்து முதல் வரியில் இருந்து படித்தாள். எடை என்கிற இடத்தில் ஒரு முறை முறைத்தாள். நாற்பதாயிரத்தை அடித்துவிட்டு நானூறு என்று திருத்தினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அதை இன்னொரு தடவை படித்தாள்.

"ஏண்டி வாலு."

"என்ன?"

"உங்கப்பா அன்னைக்குச் சமையலறைப் பக்கமே வரல. வாசல்ல நின்னு சாவிதான் கேட்டாரு."

"மறந்திருப்பேம்மா நீ."

"நான் பாத்திரம் கழுவப் போறதுக்கு முன்னாடியே ஸ்டூல் அங்க இருந்துச்சு," என்றாள் அம்மா. "அதுக்கு மேல உன் பள்ளிக்கூடத்துப் பை இருந்துச்சு. எடுக்க மறந்துட்டே."